இரத்தக் கேள்வி

அக்காவிடம் நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கே பதில் கிடைக்கவில்லை.

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய, பிரெஞ்சு பேசும் நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்சாலை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து நாலாம் நாள். மதியம் சாப்பாட்டு அறையின் மூலை மேசையில், தலைமயிர் பாதி நரைத்த, கட்டையான ஒரு பெண் இருந்தார். ஒரு கையால் இடியப்பம் பிய்த்து, மறு கையால் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தின் பக்கத்தை அழுத்திப் பிடித்திருந்தார். தமிழ் முகத்தைக் கண்ட சந்தோசத்தில் நான் நேரே போய் முன்னால் இருந்தேன்.

"அக்கா, ஊரிலை எவடம்?"

"மட்டக்களப்பு."

"மட்டக்களப்பிலை எவடம்? ஆற்றை ஆக்கள்?"

யாருடைய ஆட்கள் என்று விசாரிப்பது யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கேள்வியே இல்லை, வணக்கம் சொல்வது மாதிரி. ஊரைக் கேட்டு, ஒழுங்கையைக் கேட்டு, தகப்பன் பேரைக் கேட்டு, அப்படியே நடந்து சாதி வரைக்கும் போய்விடுவோம். அக்கா புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தார். கோபப்படவில்லை.

"அத அறிஞ்சு என்ன செய்யப் போறீங்க, புள்ள?"

அவர் தன் சம்பலில் கொஞ்சத்தை வழித்து என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினார். நல்ல உறைப்பான சம்பல். எனக்குக் கண்ணீர் வந்தது உறைப்பாலா வெட்கத்தாலா என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் வாசித்த புத்தகங்களெல்லாம் ஒரே நூறு வருடத்தைப் பற்றியவை. இங்கிலாந்தில் ஒரு ராணி கலியாணம் கட்டாமலே ஆண்ட காலம், அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னும். பல்கலைக்கழகத்தில் அதைத்தான் படித்தாராம். சண்டை வந்து படிப்புப் பாதியில் நின்றதாம். மிச்சப் பாதியை இங்கே நூல்நிலையத்தில் எடுத்து எடுத்துத் தானே படித்து முடிக்கப் போவதாக ஒருநாள் சொன்னார். யாரும் கேட்காமல் தானாகச் சொன்னது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்படி அவராகத் தந்தவைதான்.

அந்தக் காலத்தை நேற்றுப் பக்கத்து வீட்டில் நடந்தது மாதிரிச் சொல்வார். "பணக்காரன்ட பல்லெல்லாம் கறுப்பு, புள்ள. சீனி அவனுக்குத்தானே கிடைச்ச. பிறகு இல்லாதவங்களும் பல்லக் கறுப்பாக்கிக்கொண்டு திரிஞ்சாங்க, எங்களயும் பணக்காரன் எண்டு நினைக்கட்டும் எண்டு." நாடகக்காரர்களின் கதை என்றால் இடியப்பம் காய்ந்து போகும் வரைக்கும் நிறுத்தமாட்டார். தன்னை ஆதரிப்பவர் என்று ஒரு பிரபுவின் பேரைச் சொல்லிக்கொள்ள முடியாத நாடகக்காரன் அந்த நாட்டுச் சட்டத்தில் ஊர்சுற்றி. பிடித்தால் காதைச் சுட்டு ஓட்டை போடுவார்கள். "ஆண்டான் இல்லாத ஆள் எண்டாலே குற்றம். நானும் நீயும் அங்க பிறந்திருந்தா காதில ஓட்டைதான்."

"எங்களுக்குத்தான் ஏற்கெனவே ஓட்டை இருக்கே அக்கா."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசை ஹெயிட்டிக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள். எனக்கு அப்போது முப்பத்தெட்டு, அவருக்கு என்னிலும் ஏழெட்டு வயது கூட இருக்கும். எத்தனை என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அவ்வளவு படித்திருந்தேன்.

"மறுமலர்ச்சிக் காலம் எண்டு புத்தகத்தில போட்டிருக்கு," என்பார். "மலர்ந்தது கொஞ்சப் பேருக்குத்தான். மத்தவங்களுக்கு வாய்ப்பூட்டு. ஆனா அந்த வாய்ப்பூட்டுக்குள்ள இருந்து கொண்டு அவங்க எழுதியிருக்காங்க பாரு, அதான் எனக்குப் பிடிச்ச."

புறநகரான டொலார்டில் ஒரு கலியாண வீடு. எங்களோடு வேலை செய்த ஒருத்தியின் மகளுக்கு. அக்கா நல்ல சிவப்புக் காஞ்சிபுரம் உடுத்து, பெரிய பொட்டோடு வந்திருந்தார். தனியாக வந்திருந்தார். எங்கள் மேசையில் இருந்த ஒரு அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அவர் வரேல்லையோ?"

அக்கா வடையைக் கடித்தார்.

"இல்லை, உங்கடை அவர்... இருக்கிறாரோ?"

மேசையில் எட்டுப் பேர். எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தோம். அக்கா வடையைச் சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்தார். "அம்மா, முந்தி இங்கிலாந்தில ஆர் எந்தத் துணி உடுக்கலாம் எண்டு சட்டம் இருந்த. ஊதாப் பட்டு ஆருக்கு, வெல்வெட் ஆருக்கு, பொன்சரிகை ஆருக்கு எண்டு எழுதி வாசிச்சவங்க. கடைக்காரன்ட பெண்சாதி வெல்வெட் உடுத்தாக் குற்றம். ஆனா அவளுகள் உடுத்தாளுகள். திரும்பத் திரும்பச் சட்டம் போட்டாங்க, திரும்பத் திரும்ப உடுத்தாளுகள். கடைசியாச் சட்டந்தான் களைச்சுப் போச்சு." பிறகு அந்த அம்மாவின் தட்டைப் பார்த்து, "பாயசம் கொஞ்சம் எடுத்து வரட்டா?" என்று கேட்டார். உண்மையாகவே எடுத்தும் வந்தார்.

அவரிடம் இருந்த வினோதம் அதுதான். பதில் சொல்லமாட்டார். ஆனால் முகத்தைத் திருப்பவும் மாட்டார்.

தொழிற்சாலையில் புதிதாக ஒரு மேற்பார்வையாளர் வந்தார். வேலை வரிசையில் பிரெஞ்சு தவிர வேறு மொழி கேட்கக்கூடாது என்றார். பாதுகாப்புக்காகவாம். அக்கா தலையாட்டினார். பிரெஞ்சு எங்களைவிட அவருக்கு நன்றாக வரும். இரண்டு நாள் கழித்து, லேபிள் ஒட்டும் இயந்திரத்துக்கு நெருக்கமாக நின்ற என்னிடம், "சீலைத் தலைப்பு மாதிரித் தொங்குது உன்ட மேலங்கி நாடா, உள்ள விடு" என்றார். மேற்பார்வையாளர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"இப்போது அவளிடம் என்ன சொன்னீர்கள்? மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்."

சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் கை இயந்திரத்துக்குள் போகாமல் காப்பாற்றிய வசனம் அது. ஆனால் அக்கா வாயைத் திறக்கவில்லை. மேற்பார்வையாளர் இரண்டாம் தரம் கேட்டார். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அழகான பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்: "மெஸ்யூ, நான் அடைக்கும் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்." மூன்று நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று கடிதம் கொடுத்தார்கள். நான் போய் நடந்ததைச் சொல்லப் பார்த்தேன். அக்கா என்னைத் தடுத்தார். "சரியான பதில் எண்டாலும் பதில்தான், புள்ள. ஒருக்காச் சொன்னா நாளைக்கும் கேப்பான்." நாலாம் நாள் வந்து, அதே இடத்தில் நின்று, அதே மாதிரித் தமிழில் கதைத்தார். மேற்பார்வையாளர் மூன்று கிழமை பார்த்துவிட்டு, காது கேளாதவர் போல நடக்கப் பழகிக்கொண்டார்.

எனக்கு அவரில் கோபம் வந்த காலமும் உண்டு. ஒரு மழை நாளில் பஸ் தரிப்பில் நின்றபோது, இத்தனை வருடப் பழக்கத்தை நம்பி, "ஊருக்கு ஒருக்காப் போக விருப்பமில்லையோ அக்கா? அங்கை ஆரும் இல்லையோ?" என்று கேட்டுவிட்டேன். அவர் தெருவைப் பார்த்தார். பஸ் ஒன்று வந்து போனது. அடுத்ததும் போனது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எப்பவும் வாயை மூடிக்கொண்டு நிக்கிறது உங்களுக்கு லேசு. உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கத்தினேன். அதோடு, எவருக்கும் சொல்லாத ஒன்று வெளியே வந்தது.

ஊரில் அப்போது எனக்குப் பதினேழு வயது. எங்கள் வேலியில் ஒரு சைக்கிள் சாத்தியிருந்தது. ஊரைச் சுற்றி வளைத்த இராணுவத்தில் வந்த ஆமிக்காரரில் ஒருவன், நல்ல இளைஞன், சிரித்துக்கொண்டு, உடைந்த தமிழில் "இந்தச் சைக்கிள் யாருடையது தங்கச்சி?" என்று கேட்டான். "பக்கத்து வீட்டு அண்ணாவின்ரை" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மத்தியானத்துக்குள் அந்த அண்ணாவைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய அம்மா அதற்குப் பிறகும் எங்கள் கிணற்றில்தான் தண்ணீர் அள்ளினார். ஒரு நாளும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா குடையை என் பக்கம் சரித்தார்.

"நான் கச்சேரியில அரசாங்க வேலை செய்த. பிள்ளையளக் காணாத தாய்மார் வருவாங்க. அவங்களுக்கு இங்கிலீசில கடிதம் எழுதிக் குடுக்கிறது நான். என்ட மகன் எங்க, என்ட மகன் எங்க எண்டு பன்னிரண்டு வருசம் எழுதினன். மந்திரிக்கு, தளபதிக்கு, காட்டுக்குள்ள இருந்த இயக்கத்துக்காரங்களுக்கும் எழுதினன். ஒரு கடதாசிக்கும் பதில் வரல்ல. பதில் சொல்லக் கடமைப்பட்டவன் ஒருத்தனும் சொல்லல்ல. பிறகு நான் மட்டும் ஏன் கேக்கிறவங்களுக்கெல்லாம் சொல்லோணும்?"

மழை குடையில் அடித்தது.

"நீ பாசத்தில கேட்ட. எனக்குத் தெரியும். ஆனா என்ட வாய்க்கு அந்த வித்தியாசம் மறந்து போச்சு."

பிறகு அந்த இங்கிலாந்துக் கதை ஒன்று சொன்னார். ராணியின் சமயத்தில் சேராத கத்தோலிக்கரைப் பிடித்தால் விசாரணையில் ஒரு கேள்வி கேட்பார்களாம். நாளைக்குப் பாப்பரசர் படை அனுப்பினால், நீ ராணி பக்கமா, படை பக்கமா? ராணி பக்கம் என்றால் விசுவாசத்தை விற்றவன். படை பக்கம் என்றால் தூக்கு. "நடக்காத சண்டைக்கு இண்டைக்கே தண்டனை. அந்தச் சனம் அதுக்கு வைச்ச பேர் இரத்தக் கேள்வி. உனக்கிட்டச் சைக்கிளக் காட்டிக் கேட்டதும் அதான். பதினேழு வயசுப் புள்ளயில குற்றமில்ல. குற்றம் முழுக்கக் கேட்டவன்ட."

இருபத்தைந்து வருடமாக எனக்கு ஒருவரும் சொல்லாததை, புவாண்ட்-கிளேர் போகும் லொறிகள் சேற்றை வாரி அடிக்கும் ஒரு தெருவோரத்தில் வைத்து அவர் சொன்னார்.

அதற்கு அடுத்த வசந்தத்தில்தான் அவர் நாடகம் எழுதினார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவுக்கு. முக்கால் மணித்தியால நாடகம். அந்த ராணியின் காலம், வடக்கு இங்கிலாந்தில் ஒரு சிறிய நகரம். ஒரு பெண் தன் வீட்டுச் சுவருக்குள் ஒருவனை ஒளித்து வைத்திருக்கிறாள். தேடுபவர்கள் வருகிறார்கள். அவள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வாயைத் திறந்தால் விசாரணை நடக்கும். விசாரணை நடந்தால் அவளுடைய பிள்ளைகளையே கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்பார்கள். அந்த நாட்டில் பதில் சொல்லாதவர்களுக்கென்று ஒரு சட்டம் இருந்தது: நிலத்தில் படுக்க வைத்து, மேலே பலகை போட்டு, சொல்லும் வரைக்கும் கல்லாக ஏற்றுவார்கள். முழுவதையும் மட்டக்களப்புப் பேச்சிலேயே எழுதியிருந்தார்.

"அந்தக் காலத்தில பெடியன்கள்தான் பெண் வேசம் கட்டின. இப்ப நாங்க ஆம்பிளை வேசம் கட்டுவம். கணக்குச் சரி" என்றார். நான் நீதிபதி. தேடுபவன், கணினி படிக்க வந்து அக்காவின் கட்டடத்தில் அறை எடுத்திருந்த ஒரு சென்னைப் பெண். ஒளித்து வைத்தவளின் வேசத்தை அக்கா எடுத்தார். முதல் காட்சிக்குப் பிறகு அதற்கு ஒரு வசனமும் இல்லை. கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களுக்கு நடுவில் ஒத்திகை. கோப்பி வடிக்கும் கடதாசிகளை அடுக்கித் தைத்து எங்கள் கழுத்துக்கு விறைத்த வட்டக் கொலர் செய்தார் அக்கா.

"ஆன்ட்டி, சுவத்துக்குள்ள இருக்கறது யாருன்னு சொன்னாத்தானே நான் தேட முடியும்?" என்று சென்னைப் பெண் கேட்டாள்.

"ஆரெண்டு தெரியாமத்தான் தேடுறான், புள்ள. ஆளெண்டாப் போதும் அவனுக்கு."

ஒத்திகையின் பாதியில் சங்கத் தலைவர் பிரதியை வாசிக்கக் கேட்டார். அவருக்குப் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சிய அலுவலகத்தில் வேலை. கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். புதிதாக வந்தவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுப்பார், செத்தவீட்டுக்கு முதல் ஆளாக நிற்பார். பேனையும் கையுமாக அக்காவின் வீட்டுக்கு வந்திருந்தார். நானும் இருந்தேன்.

"நல்லா எழுதியிருக்கிறியள். ஒரே ஒரு பிரச்சினை. தேடி வாறவை ஆர்? ஆமியோ, இயக்கமோ?"

"இங்கிலாந்துக்காரங்க."

"அது சரி அக்கா. சனம் விளங்கிறது வேறையெல்லோ. ஆமி எண்டு விளங்கிற மாதிரி ஒரு வசனம் போடுங்கோ. இயக்கம் எண்டு விளங்கக் கூடிய ரெண்டு இடத்தை நான் கோடு போட்டிருக்கிறன், அதை எடுத்துவிடுங்கோ. நீங்கள் எந்தப் பக்கம் எண்டு சனம் கேக்கும்."

"சனம் கேக்குமோ, நீங்க கேக்கிறீங்களோ?"

"சரி, நான்தான் கேக்கிறன். நீங்கள் எந்தப் பக்கம்?"

அக்கா அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றினார். பிறகு சொன்னார்: "அந்த ஊரிலயும் ஒரு உத்தியோகத்தர் இருந்தவர். ஒவ்வொரு நாடகத்தையும் முதல்ல வாசிச்சு, பேனையால வெட்டிப்போட்டுத்தான் மேடைக்கு விடுவார். அவருக்கு அந்த வேலையை ராணி குடுத்த. உங்களுக்கு ஆர் குடுத்த, தம்பி?"

அவர் முகம் சிவந்துவிட்டது. எழுந்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "அப்ப மேடை இல்லை" என்றார்.

அந்தக் கிழமை என் வீட்டுத் தொலைபேசியில், பேர் சொல்லாத ஒரு ஆண்குரல், "உங்கடை தம்பி இன்னும் ஊரிலைதானே இருக்கிறார்?" என்று கேட்டு வைத்துவிட்டது. என் கணவர் எழுந்து போய்க் கதவைப் பூட்டினார். "உனக்கேன் இந்த வேலை? விட்டிடு" என்றார். நான் அழுதுகொண்டு அக்காவிடம் போனேன். நாடகத்திலிருந்து விலகி நின்றுகொள்கிறேன் என்று சொல்லத்தான் போனேன்.

"நில்லு, புள்ள. நான் கோவிக்கமாட்டன்" என்றார். "நான் செய்யத்தான் போறன். நீதிபதி இல்லாட்டி, கேள்விய நானே கேட்டுப் போட்டுப் படுப்பன்."

பதினேழு வயதிலிருந்து பயந்துகொண்டே இருக்கிறேன், இன்னும் எத்தனை வருடம்? "இல்லை அக்கா, நானே கேக்கிறன்" என்றேன்.

மேடை எங்கே என்று நான் கேட்கவில்லை. அவரே சமையலறை ஜன்னலைத் திறந்து காட்டினார். மூன்று மாடிச் செங்கல் கட்டடம், 'ப' வடிவில். நடுவில் கார் விடும் முற்றம். மூன்று பக்கமும் இரும்புப் படிகளும், உடுப்புக் காயப்போட்ட பல்கனிகளும். "கொட்டகை கட்ட முதல் அவங்க இப்பிடித்தான் ஆடின. சத்திரத்து முற்றத்தில. வசதியானவன் மாடியில இருந்து பாப்பான், மத்தவன் நிலத்தில நிண்டு பாப்பான். இவ்வளவு காலமும் ஒரு நாடகக் கொட்டகையில குடியிருந்திருக்கன், கவனிக்காமல்."

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி. கட்டடத்து ஆட்கள் கார்களை எடுத்துத் தெருவில் விட்டார்கள். லெபனான்காரக் குடும்பம் மேல் பல்கனியில் கதிரை போட்டு, வத்தகப்பழம் வெட்டி வைத்துக்கொண்டு இருந்தது. எங்கள் வேலை வரிசைப் பெண்கள் பிள்ளைகளோடு படிகளில். தமிழ்ச் சனம் இவ்வளவு வரும் என்று நான் நினைக்கவில்லை. மேடை மறுத்த கதை டொலார்ட் வரைக்கும் பரவியிருந்தது. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், தள்ளி, தலைவரும் மனைவியும் நின்றார்கள்.

முதல் காட்சியில் எல்லோரும் சிரித்தார்கள். கோப்பிக் கடதாசிக் கொலரோடு சென்னைப் பெண் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். சுவர் என்பது ஒரு கயிற்றில் தொங்கிய படுக்கை விரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. அக்கா தாரில் மல்லாந்து படுத்தார். அவர்மேல் ஒரு பழைய கதவை வைத்தோம். கல்லுக்குப் பதில் அரிசி மூட்டைகள். உள்ளே பாதி பஞ்சுதான், ஆனால் பார்க்க நிறைமூட்டை.

நான் முதல் தரம் கேட்டேன். "படை வந்தால் நீ எந்தப் பக்கம்?" அக்கா வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு மூட்டை வைத்தார்கள். இரண்டாம் தரம் கேட்டேன். இன்னொரு மூட்டை. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அந்த ஆமிக்காரனும் இவ்வளவு மரியாதையாகத்தான் கேட்டான். மூன்றாம் தரம் கேட்க வாயைத் திறந்தபோது, கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிள்ளை, சொல்லாதை!"

வயதான ஒரு அம்மா. நிலத்தில் நின்றவர். யாரென்று எனக்குத் தெரியாது. நாடகம் என்பதையே மறந்துவிட்டார். படியில் இருந்த ஒருத்தி "சொல்லாதேங்கோ அக்கா" என்றாள். பிறகு எல்லாப் பக்கமும். தமிழ் விளங்காத லெபனான்காரி கூட எழுந்து நின்று பல்கனிக் கம்பியில் அடித்தாள்.

பிரதியில் எனக்கு இன்னும் ஒரு வசனம் இருந்தது. கடைசிக் கல்லை ஏற்று என்ற கட்டளை. நான் அதைச் சொல்லவில்லை. மறந்து போனேன் என்று பிறகு எல்லோருக்கும் சொன்னேன், அது பொய். கொலரைக் கழற்றி நிலத்தில் போட்டேன்.

அப்போது குப்பைத் தொட்டிப் பக்கமிருந்து தலைவரின் மனைவி நடந்து வந்தார். ஒருவரையும் பார்க்காமல், மேல் மூட்டையில் கையை வைத்துத் தூக்கப் பார்த்தார். அது ஒன்றுதான் முழுக்க அரிசி நிரப்பிய மூட்டை. அவரால் ஏலவில்லை. இரண்டு நிமிடமாவது இழுபட்டிருப்பார். தலைவர் வந்தார். மறு நுனியைப் பிடித்தார். இருவரும் தூக்கி ஓரமாக வைத்தார்கள். பிறகு மற்றவர்கள் வந்து கதவையும் தூக்கினார்கள்.

அக்கா எழுந்து இருந்தார். தலைமயிரெல்லாம் மண். "அவள் சாகோணும். அதான் முடிவு. எல்லாரும் சேந்து என்ட நாடகத்தக் கெடுத்திட்டீங்க" என்று ஏசினார். ஏசிக்கொண்டே அழுதார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அந்தத் தொலைபேசிக் குரல் பிறகு வரவில்லை. என் தம்பிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருடம் சங்கம் மேடை தருவதாகச் சொன்னது, கோடு போடமாட்டோம் என்றும் சொன்னது. அக்கா நன்றி சொல்லிவிட்டு முற்றத்திலேயே ஆடினார். அதற்கடுத்த வருடமும்.

பிறகு அவருக்கு வயிற்றில் நோய் வந்தது. வைத்தியசாலையில் கடைசி மாதம் பின்னேரங்களில் நான் போயிருப்பேன். அந்த நாட்களில், நான் ஒன்றும் கேட்காமலே, எல்லாவற்றையும் சொன்னார். பிறந்த இடம், கட்டியவர், பெற்றது, இழந்தது, யாரால் என்று. ஒழுங்காக, ஆண்டு மாதத்தோடு, கச்சேரியில் கடிதம் எழுதியவர் சொல்வது போல. "வைச்சுக்கொள்" என்றார். ஒரு சாவியைத் தருவது மாதிரி.

அவர் போன மறுநாள் தலைவர் எனக்கு அழைத்தார். மரண அறிவித்தலை அவர்தான் எழுதுவதாக இருந்தது. எங்கள் ஆட்களின் அறிவித்தலுக்கு ஒரு அச்சு இருக்கிறது. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட, இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் மனைவியும், இன்னாரின் தாயாரும்.

"தங்கச்சி, உங்களுக்குத்தான் தெரியும். ஆற்றை மகள் எண்டு போட?"

எனக்குத் தெரியும். எல்லாப் பேரும் தெரியும். நான் பேசாமல் இருந்தேன்.

"கட்டினவற்றை பேராவது...?"

நான் பேசாமல் இருந்தேன். மறுமுனையில் அவருடைய மூச்சுக் கேட்டது. கடதாசியை மடிக்கும் சத்தமும் கேட்டது.

"சரி," என்றார். "நேரத்தை மட்டும் சொல்லுங்கோ."

அறிவித்தல் அக்காவின் பேரோடும், இடத்தோடும், நேரத்தோடும் மட்டும் வந்தது. இந்தப் பக்கங்களில் நான் அந்தப் பேரையும் போடவில்லை.

இறுதிச் சடங்கு மண்டபத்துக்குச் சனம் வந்தது. லெபனான்காரக் குடும்பம், ஹெயிட்டிக்காரப் பெண்கள், படிகளில் இருந்தவர்கள், கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக அந்தப் பழைய மேற்பார்வையாளர். பூக்கள் வைக்க இடமில்லாமல் நிலத்தில் அடுக்கினோம். நான் வாசலில், வருபவர்கள் கையெழுத்திடும் புத்தகத்துக்குப் பக்கத்தில் நின்றேன். பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்த ஒருவர், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், தலையைச் சரித்து மெதுவாகக் கேட்டார்.

"நீங்கள் அவவுக்கு என்ன உறவு?"

நான் பேனையை அவரிடம் நீட்டினேன்.

"உள்ளை வாங்கோ," என்றேன். "குளிருக்குள்ளை நிக்காதேங்கோ."